சிகாகோவின் கசாப்புப் பட்டணம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் தினத்தன்று, சிகாகோ நகரத்தின் தென்புறத்தில் சதுப்பாகக் கிடந்த ஏறக்குறைய 320 ஏக்கர் நிலத்தில், ஒன்பது ரயில்வே கம்பெனிகள் ஒன்றுகூடி நிறுவிய ‘யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ்’ என்னும் பிரம்மாண்டமான கால்நடைச் சந்தை திறந்துவைக்கப்பட்டது. அதுவரை நகரத்தின் பல மூலைகளிலும் சிதறிக் கிடந்த பட்டிகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, மேற்குச் சமவெளிகளில் மேய்ந்து கொழுத்த ஆடு மாடு பன்றிகளை இருப்புப்பாதை வழியே அங்கே கொண்டுவந்து இறக்கி, விலை பேசிக் கைமாற்றுவதுதான் அதன் ஆதி நோக்கம். சில ஆண்டுகள் கழித்து அதன் வாயிலில் எழுப்பிய சுண்ணாம்புக்கல் தோரணவாயில் இன்றும் நிற்கிறது. அதன் நடு வளைவுக்கு மேலே ஒரு காளையின் தலை செதுக்கப்பட்டிருக்கிறது. பரிசுகள் பெற்ற ஷெர்மன் என்ற காளையின் உருவம் அது என்பார்கள். அந்தச் சந்தை கண்ட எண்ணற்ற ஜீவன்களுள் பெயர் சொல்லி நினைக்கப்படுவது அது ஒன்றுதான்.

சந்தை கசாப்புப் பட்டணமாக மாறியதற்குப் பனிக்கட்டியே காரணம். உயிரோடு ஒரு மாட்டை ஆயிரம் மைல் தொலைவுக்கு ரயிலில் அனுப்பினால், வழியில் அதற்குத் தீனியும் தண்ணீரும் கொடுக்க வேண்டும், அது மெலிந்துபோகும், சில வேளை செத்தும் போகும். அன்றியும் அதன் எடையில் ஏறக்குறையப் பாதி ஆகாரத்துக்கு உதவாத பாகமாகையால் அந்தப் பாதிக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். 1875இல் சிகாகோவுக்கு வந்து சேர்ந்த கஸ்டேவஸ் ஸ்விஃப்ட் என்ற வியாபாரி, மாட்டைச் சிகாகோவிலேயே வெட்டி, பனிக்கட்டி நிரப்பிய ரயில் பெட்டிகளில் இறைச்சியை மட்டும் கிழக்கே அனுப்பத் துணிந்தார். கால்நடைகளை ஏற்றிச் செல்வதற்கென்றே பெருமுதல் போட்டிருந்த ரயில்வேக்காரர்கள் இதற்கு இடையூறு செய்தபோது, கனடா வழியாகச் செல்லும் வேறொரு பாதையைப் பிடித்துக் காரியத்தைச் சாதித்தார். அவரோடு ஃபிலிப் ஆர்மரும் நெல்சன் மாரிஸும் சேர்ந்து மூன்று பெருமுதலாளிகளாக வளர்ந்தார்கள். கொம்பு, குளம்பு, எலும்பு, ரத்தம், குடல் என்று எதையும் வீணாக்காமல் பசையாகவும் சோப்பாகவும் சீப்பாகவும் எருவாகவும் மாற்றி விற்ற அவர்களுடைய சாமர்த்தியத்தை உலகம் மெச்சியது. பன்றியின் கத்தல் ஒன்றைத்தான் அவர்களால் விற்க முடியவில்லை என்பது அக்காலத்தில் சிகாகோவில் வழங்கிய பேச்சு.

ஆனால் உண்மையில் வீணானது ஒன்று உண்டு. கசாப்பு ஆலைகள் கழித்துவிட்ட கொழுப்பும் ரத்தமும் சிகாகோ ஆற்றின் தென்கிளையைச் சேர்ந்த ஓர் ஓடையில் சென்று தேங்கி அழுகியதால், அடியிலிருந்து வாயு ஓயாமல் கிளம்பிக் கொப்பளிக்க, அந்த ஓடைக்குக் குமிழி ஓடை என்றே பெயர் வந்துவிட்டது. அதன் கரையை ஒட்டி மர வீடுகளில் நெருக்கியடித்துக்கொண்டு லிதுவேனியர், போலந்துக்காரர், ஸ்லோவாக்கியர், ஐரிஷ்காரர் முதலிய ஏழைக் குடியேறிகள் வாழ்ந்தார்கள். துர்நாற்றத்தைப் பொறுத்துக்கொள்வதும் அவர்களுடைய உழைப்பின் ஒரு பகுதியாயிற்று.

ஆலைக்குள்ளே நடந்ததைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பன்றியின் பின்னங்காலில் சங்கிலி மாட்டுவார்கள். சுழலும் பெரிய சக்கரம் ஒன்று அதைத் தலைகீழாகத் தூக்கி மேலே ஓடும் தண்டவாளத்தில் சேர்க்கும். அங்கே ஒருவன் கழுத்தை அறுப்பான். பிறகு கொதிநீர்த் தொட்டி, மயிர் சுரண்டும் இடம், வயிற்றைக் கீறுகிறவன், குடலை எடுக்கிறவன், முதுகெலும்பைப் பிளக்கிறவன் என்று அந்த உடல் நகர்ந்துகொண்டே போகும். மனிதன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று ஒரே ஒரு வெட்டைக் காலை முதல் மாலை வரை வெட்டிக்கொண்டிருப்பான். ஒரு முழு மாட்டைத் தனியே அறுத்து உரித்துப் பங்கிடத் தெரிந்த கசாப்புக்காரனின் தொழில், இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்டவர்களிடையே துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. தம் மோட்டார் ஆலையின் ஓடும் வரிசைக்குச் சிகாகோ கசாப்புக்காரர்களின் மேல்தண்டவாளமே வழிகாட்டியது என்று ஹென்றி ஃபோர்டு பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். வரிசை முறையின் விசேஷம், அதை எந்த வேகத்தில் ஓட்டுவது என்பது முழுவதும் முதலாளியின் கையில் இருந்ததுதான். 1904இல் அவ்விடத்துத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஜான் காமன்ஸ் ஒரு கணக்குத் தருகிறார்: 1884இல் மாட்டின் முதுகெலும்பைப் பிளக்கும் தொழிலாளி ஒருவன் மணிக்கு 16 மாடுகளைப் பிளந்து 45 சென்ட் கூலி பெற்றான், பத்தே ஆண்டுகளில் அவன் மணிக்கு 30 மாடுகளைப் பிளக்க நேர்ந்தது, கூலியோ 40 சென்டாகக் குறைந்தது. கனத்த வெட்டுக்கத்தியைப் பிடித்து நிற்கிறவனுடைய கை ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் இயங்க வேண்டுமென்றால், வழுக்கும் ரத்தத் தரையில், நெருங்கி நிற்கும் சகாக்களின் நடுவே, விரல்களுக்கு என்ன நேரும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

சர்க்கார் கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்று சொல்வதற்கில்லை. அமெரிக்கப் பன்றி இறைச்சியில் புழு இருக்கிறதென்று ஐரோப்பிய நாடுகள் பல அதற்குத் தடை விதித்ததன் விளைவாக, 1891இலேயே இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் ஒன்று வந்துவிட்டது. பரிசோதகர் வெட்டுமிடத்தில் பிராணியையும் அதன் உடலையும் பார்த்து முத்திரையிடுவார். அந்த இறைச்சி அதற்குப் பின் எந்த அறைக்குச் சென்று, எந்தத் தரையில் புரண்டு, எதனோடு கலந்து டப்பாவில் அடைபட்டது என்பதைக் கேட்க அவருக்கு அதிகாரமில்லை. 1898இல் ஸ்பெயினோடு நடந்த யுத்தத்தில் சிப்பாய்களுக்குக் கொடுத்த டப்பா இறைச்சி வாயில் வைக்கச் சகிக்கவில்லை என்று பெரிய புகார் எழுந்தது. தளபதி நெல்சன் மைல்ஸ் அதைப் பகிரங்கமாகவே கண்டித்தார். கியூபாவில் போரிட்டுத் திரும்பியிருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டும் அந்த இறைச்சிக்கு எதிராகச் சாட்சி சொன்னார். ஆயினும் விஷயம் நாளடைவில் அடங்கிப்போயிற்று.

1904 ஜூலையில் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதில் என் மனத்தை மிகவும் உருக்குவது, வெட்டுக்கத்தி பிடித்த தேர்ந்த தொழிலாளர்கள் தங்கள் கூலிக்காக மட்டுமன்றி, தங்களுக்குக் கீழே தரையைக் கழுவியும் வண்டி தள்ளியும் வயிறு வளர்த்த கூலிக்காரர்களின் ஊதியம் குறையலாகாது என்பதற்காக வேலையைத் துறந்தார்கள் என்பதே. செப்டம்பரில் அந்தப் போராட்டம் தோற்றது. அந்தத் தோல்வியின் புண் ஆறாத வேளையில், ஒரு சோஷலிஸ்ட் வாரப் பத்திரிகை அனுப்ப, அப்டன் சிங்க்ளேர் என்ற 26 வயது எழுத்தாளர் அங்கே வந்து சேர்ந்தார். பழைய உடுப்பை அணிந்து, கையில் சாப்பாட்டுத் தூக்கு ஒன்றை எடுத்துக்கொண்டால் எந்த ஆலைக்குள்ளும் யாரும் தடுக்காமல் போய்வரலாம் என்பதைக் கண்டுகொண்டு, ஏழு வாரம் அவ்விடத்தில் சுற்றினார். பத்திரிகையில் தொடர்கதையாக வந்து 1906இல் நூலாக வெளியான அவருடைய ‘தி ஜங்கிள்’ என்ற நாவல், ஒரு லிதுவேனியக் குடும்பம் அந்த ஆலைகளில் சிதைந்துபோவதைச் சொல்வது. ஆனால் வாசித்த ஜனங்கள், அழுகிய இறைச்சியை மருந்திட்டு விற்றதைச் சொன்ன சில பக்கங்களைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தாம் ஜனங்களின் இருதயத்தைக் குறிபார்த்து எய்தது வயிற்றில் போய்த் தைத்துவிட்டது என்று சிங்க்ளேர் வருந்தியது நியாயமான வருத்தம்.

அப்போது ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட்டுக்குச் சிங்க்ளேரின் அரசியல் சிறிதும் பிடிக்காது. ஆயினும் தொழில் இலாகா கமிஷனர் சார்லஸ் நீலையும் ஜேம்ஸ் ரெனால்ட்ஸ் என்ற சமூக ஊழியரையும் நேரில் பார்த்துவர அனுப்பினார். கதைக்காரன் மிகைப்படுத்தினான் என்று சொல்ல இயலாதபடி அவர்களுடைய அறிக்கை அமைந்தது. அழுக்கேறிய மரத்தரையிலிருந்து இறைச்சியை மண்வெட்டியால் வாரி எடுப்பதையும், காசநோய்க்காரர்கள் துப்பிய எச்சிலும் மரச்சிராய்களும் அதோடு சேருவதையும், வேலை செய்யும் அறைகளை ஒட்டியே கழிப்பிடங்கள் இருக்க, கைகழுவத் தண்ணீர்த் தொட்டியோ துடைக்கத் துணியோ இல்லாதிருந்ததையும் அவர்கள் கண்டார்கள். கழுவிச் சுத்தம் செய்து குளிரறைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பன்றியின் உடல், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே தண்டவாளத்திலிருந்து நழுவித் தரையில் விழுந்து, ஆண்களின் கழிப்பறைக்குள் பாதி சறுக்கிச் சென்றது. இரண்டு பேர் அதைத் தூக்கி வண்டியில் போட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் மற்ற உடல்களோடு கொண்டுபோய்த் தொங்கவிட்டார்கள்.

செனட்டர் பெவரிட்ஜ் கொண்டுவந்த புதிய இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்தை மேல்சபை விவாதமின்றியே ஏற்றுக்கொண்டது. கீழ்ச்சபையில் முதலாளிகளின் நண்பர்கள் முட்டுக்கட்டை போட்டபோது, ரூஸ்வெல்ட் தாம் கையில் வைத்திருந்த அறிக்கையை ஜூன் 4ஆம் தேதி பகிரங்கப்படுத்தினார். அந்த மாதம் 30ஆம் தேதி சட்டம் கையெழுத்தாயிற்று. பரிசோதனைச் செலவை முதலாளிகளே ஏற்க வேண்டும், டப்பாவின்மீது அடைத்த தேதி இருக்க வேண்டும் என்று பெவரிட்ஜ் கேட்டிருந்த இரண்டும் விடப்பட்டன. ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் செலவைப் பொக்கிஷமே சுமந்தது. சர்க்கார் முத்திரை கிடைத்ததால் தங்கள் சரக்கின்மேல் உலகம் மீண்டும் நம்பிக்கை வைக்கும் என்று பெருமுதலாளிகள் சமாதானமடைந்தார்கள். உண்பவனுக்கு அது பெரிய நன்மை என்பதை மறுப்பது அநியாயம். ஆனால் வெட்டுகிறவனைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. கூலி இல்லை, நேரம் இல்லை, அறுபட்ட விரலுக்கு நஷ்டஈடு இல்லை; வரிசையின் வேகத்தைப் பற்றிய பேச்சே இல்லை. எட்டு மணி நேர வேலை என்பதைத் தொழிலாளர்கள் அடைந்தது 1918இல், உலக யுத்தத்தின் நெருக்கடியில், சாமுவேல் ஆல்ஷுலர் என்ற நீதிபதி மத்தியஸ்தராக வழங்கிய தீர்ப்பினால்தான்.

பிராணிகளுக்கும் வெகுகாலம் பொறுத்தே ஏதோ சிறிது கிடைத்தது. அறுக்குமுன் உணர்விழக்கச் செய்ய வேண்டும் என்னும் மத்தியச் சட்டம் 1958இல்தான் வந்தது. அதிலும் கோழிகள் சேர்க்கப்படவில்லை. 1971 ஜூலை இறுதியில் சிகாகோவின் பட்டிகள் நிரந்தரமாக மூடப்பட்டன. தொழிலோ அழியவில்லை, கூலி மலிந்த, சங்கம் பலம் குன்றிய சிற்றூர்களுக்கு அது குடிபெயர்ந்துவிட்டது.

அப்படிப்பட்ட ஓர் ஊர் வட கரோலினாவிலுள்ள ஹாம்லெட். அங்கே ஒரு கோழி இறைச்சி ஆலையில் 1991 செப்டம்பர் 3ஆம் தேதி காலை எண்ணெய்க் கொப்பரை அருகே தீப்பற்றியபோது, வெளியேறும் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. 25 பேர் மாண்டார்கள். கோழியைத் திருடிப் போகிறார்கள் என்பது பூட்டியதற்குச் சொன்ன காரணம். இறைச்சியைப் பரிசோதிக்கும் சர்க்கார் உத்தியோகஸ்தர் அந்த ஆலைக்குத் தினந்தோறும் வந்துபோனார். தொழிலாளர் பாதுகாப்பைப் பார்க்க வேண்டிய உத்தியோகஸ்தர் அந்த ஆலை நடந்த 11 ஆண்டுகளில் ஒருமுறைகூட வரவில்லை. அதற்கு எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட சட்டம் யாரை நினைத்தது, யாரை மறந்தது என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சியத்தை நான் அறியேன். வரிசையின் வேகத்துக்கு இன்று அமெரிக்காவில் வரம்பு இருக்கத்தான் இருக்கிறது. 2014ஆம் ஆண்டு விதிகளின்படி கோழி ஆலையில் நிமிஷத்துக்கு 140 கோழிகள், விதிவிலக்குப் பெற்ற ஆலைகளில் அதற்கும் மேல். அந்த எண்ணிக்கை இறைச்சிப் பரிசோதனை விதிகளின் ஒரு பகுதியாகவே வகுக்கப்பட்டது. வெட்டுகிறவனின் கை எத்தனையைத் தாங்கும் என்பதை வைத்து வேகத்துக்கு வரம்பு கட்டும் மத்திய விதி எதுவும் அந்நாட்டில் இல்லை.