ஒரு கட்டம் நகர்ந்த சிப்பாய்

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறேன். சதுரங்கப் போட்டிக்கு மாணவர் பெயர் கேட்டிருந்தார்கள். லயத்துப் பையனொருவன் தயங்கினான். "டவுன் ஸ்கூல் பிள்ளைங்க புத்தகம் பார்த்து ஆரம்ப ஆட்டமெல்லாம் படிச்சிருக்காங்க சேர். நாங்க போய் என்ன செய்ய?" அவனுக்குச் சொன்ன வரலாறு இது.

பஞ்சாபின் மித்தா திவானா கிராமத்தவர் மீர் சுல்தான் கான். தகப்பனாரிடம் இந்தியச் சதுரங்கம் கற்றார். அவ்விதிப்படி சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ஐரோப்பிய விதிகளை வாலிபத்தில்தான் பழகினார். நிலக்கிழார் சேர் உமர் ஹயாத் கானுடன் 1929இல் இலண்டன் சென்று, அவ்வாண்டே பிரித்தானியச் சம்பியனானார். 1932, 1933ஆம் ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருக்கே. 1933இல் பெண்கள் பட்டத்தை வென்ற பாத்திமாவும் அதே பிரபுவின் வீட்டைச் சேர்ந்தவர்.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் எதிரே அமர்ந்தவர், 1921 முதல் 1927 வரை உலகச் சம்பியனாயிருந்த கபபிளாங்கா. சுல்தான் கானுக்கு வெள்ளைக் காய்கள். கபபிளாங்கா ராணி-இந்தியத் தற்காப்பை எடுத்தார். ஐந்தாவது நகர்வில் சுல்தான் கான் ராணிப் பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரேயொரு கட்டம் தள்ளினார். பார்வைக்கு வீண் நகர்வு. ஆனால் கறுப்பு மந்திரி பி4 கட்டத்துக்கு வந்து குதிரையைக் கட்டிப்போடும் வழி அதனால் அடைபட்டது. 65ஆம் நகர்வில் கபபிளாங்கா தோல்வியை ஏற்றார். ஆரம்ப ஆட்டத்தில் பலவீனர் என்று விமர்சகர்கள் குறை சொன்ன மனிதரின் ஆட்டம் அது! அந்தச் சிறு நகர்வு பிற்காலத்தில் பெத்ரோசியன் பெயரால் வழங்கலாயிற்று. காஸ்பரோவும் அதை விரும்பி ஆடினார்.

1933 இறுதியில் ஊர் திரும்பிய சுல்தான் கான் 1966இல் காலமானார். சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் கௌரவக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024இல். வெற்றிக்கும் பட்டத்துக்கும் இடையே தொண்ணூறு ஆண்டுகள்.

நூல்கள் பல அவரை 'வேலைக்காரன்', 'எழுத்தறியாதவன்' என்றே அறிமுகம் செய்கின்றன. அவருடைய பேத்தி அதை மறுத்து எழுதினார். 'கூலி' என்ற சொல்லைத் தலைமுறையாகச் சுமந்த இம்மலையகத்துக்கு அந்த மறுப்பின் வலி புரியும். ஒருவர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்குமுன் அவர் எந்த வீட்டில் இருந்தார் என்று பார்ப்பதே உலக வழக்கம்.

படிவத்தில் பையனின் பெயரை எழுதினேன். முதற் சுற்றில் தோற்றான். இரண்டாவதைச் சமன் செய்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டான்: "அடுத்த வருசமும் இருக்கா சேர்?"