கும்பகோணம் மக்களவைத் தொகுதி (முன்னாள்)

கும்பகோணம் மக்களவைத் தொகுதி என்பது காவிரிப் படுகையில், அன்றைய ஒருங்கிணைந்த தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த ஒரு முன்னாள் நாடாளுமன்றத் தொகுதி ஆகும். 1952 முதல் 1971 வரை ஐந்து பொதுத்தேர்தல்களைக் கண்ட இத்தொகுதி, 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் நடந்த மறுசீரமைப்பில் நீக்கப்பட்டது. 1977 தேர்தலில் இப்பெயரில் தொகுதி இல்லை.

வெற்றி பெற்றவர்கள்

முதல் மூன்று தேர்தல்களிலும் காங்கிரசே வென்றது. 1957, 1962 ஆகிய இரு தேர்தல்களில் சி. ரா. பட்டாபிராமன் தேர்ந்தெடுக்கப்பட்டார். திருவிதாங்கூர் திவானாக இருந்த சர் சி. பி. இராமசாமி ஐயரின் மகனான இவர், மத்திய அரசில் அமைச்சுப் பொறுப்பும் வகித்தார். தமிழ்நாட்டில் தி.மு.க. போட்டியிட்ட 25 மக்களவைத் தொகுதிகளையும் கைப்பற்றிய 1967 தேர்தலில், இங்கு அக்கட்சியின் இரா. செழியன் வென்றார். 1971-இலும் அவரே வென்றார்.

நெருக்கடி நிலைக் காலம்

திருக்கண்ணபுரத்தில் பிறந்த இரா. செழியன், இரா. நெடுஞ்செழியனின் தம்பி. 1971-இல் தி.மு.க., இந்திரா காந்தியின் காங்கிரசுடன் கூட்டணி வைத்துப் போட்டியிட்டது. ஆயினும் 1975-இல் நெருக்கடி நிலை கொண்டுவரப்பட்டபோது, செழியன் அதை மக்களவையில் எதிர்த்துப் பேசினார். அக்கால அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின் அறிக்கை பின்னாளில் கிடைப்பது அரிதானபோது, அதைத் தேடியெடுத்து 2010-இல் மீண்டும் நூலாக வெளியிட்டவரும் அவரே. கும்பகோணத்தின் பெயரால் மக்களவையில் அமர்ந்த கடைசி உறுப்பினர் அவர்.

நீக்கத்துக்குப் பின்

1977-இல் கும்பகோணம் நகரம் மாயூரம் (இன்றைய மயிலாடுதுறை) மக்களவைத் தொகுதியில் சேர்க்கப்பட்டது. அத்தேர்தலில் அங்கு வென்றவர் காங்கிரசின் குடந்தை இராமலிங்கம். 2008 மறுசீரமைப்பிலும் கும்பகோணம் தொகுதி மீளவில்லை. அப்போது வலங்கைமான், குத்தாலம் ஆகிய சட்டமன்றத் தொகுதிகளும் நீக்கப்பட்டன.

மயிலாடுதுறை 2020-இல் தனி மாவட்டமானது. கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் ஆகிய மூன்று சட்டமன்றத் தொகுதிகளும் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே நீடிக்கின்றன. மக்களவைக்கோ மயிலாடுதுறையோடு சேர்ந்து வாக்களிக்கின்றன. இதனால் வாய்க்கால் தூர்வாருதல், நெல் கொள்முதல் போன்ற குறைகளுக்கு இப்பகுதி உழவர்கள் தஞ்சாவூர் ஆட்சியரிடம் மனு கொடுக்கின்றனர். அவற்றை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டியவர் மயிலாடுதுறை உறுப்பினர். தொகுதி எல்லை மக்கள்தொகையைக் கொண்டு வகுக்கப்படுவது. மாவட்ட எல்லை நிர்வாக வசதிக்காக வகுக்கப்படுவது. இரண்டும் ஒன்றாக அமையாத இடத்தில் ஏற்படும் நிலைக்குக் கும்பகோணம் ஓர் எடுத்துக்காட்டாகும்.