மார்ஷல் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி: 1971 பருவம்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம், ஹண்டிங்டன் நகரில் உள்ள மார்ஷல் பல்கலைக்கழகத்தின் 'தண்டரிங் ஹெர்டு' அணி, 1971 பருவத்தில் 10 ஆட்டங்களில் 2 வெற்றியும் 8 தோல்வியும் கண்டது. முந்தைய ஆண்டு நிகழ்ந்த விமான விபத்தில் ஏறக்குறைய முழு அணியையும் இழந்தபின் இப்பல்கலைக்கழகம் ஆடிய முதல் பருவம் இது.

பின்னணி

1970 நவம்பர் 14 அன்று வட கரோலினாவின் கிரீன்வில் நகரில் ஈஸ்ட் கரோலினா அணியிடம் 17–14 எனத் தோற்று, மார்ஷல் அணி விமானத்தில் ஊர் திரும்பியது. ஹண்டிங்டன் அருகே தரையிறங்கும் வேளையில் விமானம் மலைச்சரிவில் மோதி, அதிலிருந்த 75 பேரும் இறந்தனர். ஆட்டக்காரர்கள் 37 பேர், தலைமைப் பயிற்சியாளர் ரிக் டாலி, அவருடைய உதவியாளர்கள், அணியின் ஆதரவாளர்களான நகரப் பிரமுகர்கள், விமான ஊழியர்கள் 5 பேர் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். அடையாளம் காண முடியாத 6 ஆட்டக்காரர்களின் உடல்கள் ஸ்பிரிங் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டன. அணியைக் கலைத்துவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. தொடர்ந்து ஆடுவதென்றே பல்கலைக்கழகம் முடிவெடுத்தது.

அணி உருவாக்கம்

தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்ற டிக் பெஸ்ட்விக் சில நாட்களிலேயே விலகினார். பிறகு, 1971 மார்ச்சில், ஒகையோ மாநிலத்தின் வூஸ்டர் கல்லூரியிலிருந்து ஜாக் லெங்யல் வந்தார். ஆள்சேர்ப்புப் பயணத்தில் இருந்ததால் விபத்திலிருந்து தப்பிய உதவிப் பயிற்சியாளர் ரெட் டாசன், ஓராண்டு மட்டும் உடன் பணியாற்ற இசைந்தார்.

முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. 1970-இல் முதலாண்டில் இருந்தவர்கள் அந்த விமானத்தில் செல்லாததற்கு இவ்விதியே காரணம். மறு ஆண்டு அணிக்கு முதுகெலும்பானவர்களும் அவர்களே. அப்போதும் ஆள் போதவில்லை. எனவே, முதலாண்டு மாணவர்களையும் களமிறக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் (என்.சி.ஏ.ஏ.) மார்ஷலுக்குச் சிறப்பு அனுமதி வழங்கியது. பந்தை உதைக்க பிளேக் ஸ்மித் சாக்கர் அணியிலிருந்து வந்தார்.

உடல்வலுவிலும் அனுபவத்திலும் பின்தங்கிய இவ்வணிக்கு 'வீர்' என்னும் ஆட்டமுறையை லெங்யல் தேர்ந்தார். எதிரணியின் நகர்வைப் பார்த்து, பந்தைக் கையளிப்பதா தானே ஓடுவதா என்று, தாக்குதலை வழிநடத்தும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக் நொடியில் முடிவெடுக்கும் முறை இது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பாபி பௌடன், அதைக் கற்க மார்ஷல் பயிற்சியாளர்களுக்குத் தம் அணியின் ஆட்டக் குறிப்புகளைத் திறந்து காட்டினார்.

ஆட்டங்கள்

செப்டம்பர் 18 அன்று மோர்ஹெட் ஸ்டேட் அணியிடம் 29–6 எனத் தோல்வி. ஒரு வாரம் கழித்து, சொந்த மண்ணான ஃபேர்ஃபீல்டு மைதானத்தில் சேவியர் அணியைச் சந்தித்தது மார்ஷல். கடைசி நொடிகளில் சேவியர் 13–9 என முன்னிலையில் இருந்தது. குவார்ட்டர்பேக் ரெஜி ஆலிவர் எறிந்த பந்தைப் பிடித்த டெரி கார்ட்னர், 13 கெஜ டச் டவுனை எட்டினார். அதுவே ஆட்டத்தின் கடைசி நகர்வு. மார்ஷல் 15–13 என வென்றது.

அதன்பின் தோல்விகளே மிகுதி. மயாமி (ஒகையோ) அணி 66–6 என வென்றது. மூன்றாண்டுகளாக ஒரு தோல்வியும் காணாத டொலிடோ 43–0 என வென்றது. இடையே, முன்னாள் மாணவர் ஒன்றுகூடும் நாளில், பௌலிங் கிரீன் அணியை 12–10 என மார்ஷல் வீழ்த்தியது.

பிற்காலம்

லெங்யல் 1974 வரை பொறுப்பிலிருந்து 9 வெற்றி, 33 தோல்வியுடன் விலகினார். ஒரு பருவத்தில் தோல்வியை விஞ்சிய வெற்றிகளைப் பெற மார்ஷல் 1984 வரை காத்திருந்தது. 1992-இலும் 1996-இலும் என்.சி.ஏ.ஏ. 1-ஏஏ பிரிவின் தேசியப் பட்டத்தை வென்றது. விபத்தையும் 1971 பருவத்தையும் 'வீ ஆர் மார்ஷல்' (2006) திரைப்படம் சித்திரிக்கிறது. மேத்யூ மெக்கானஹே லெங்யலாக நடித்தார்.

பல்கலைக்கழக வளாகத்தில் சிற்பி ஹாரி பெர்டோயா வடித்த நினைவு நீரூற்று 1972-இல் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் நவம்பர் 14 அன்று அதன் நீர் நிறுத்தப்படுகிறது. இளவேனிலில்தான் மீண்டும் திறந்துவிடப்படுகிறது.