பன்னிரண்டு சென்ட் பதிவு

பழைய ஆவணங்களைக் காப்பது பற்றிப் பேச ஆரம்பித்தால் நம்மவர்களின் குரல் உடனே பிரசங்கக் குரலாகிவிடுகிறது. பாரம்பரியம், முன்னோர், கடமை. யார் பணம் தருவது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. மிஞ்சினால் 'சர்க்கார்' என்பார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஊர் ஏடுகளின் கதை இந்த விஷயத்தில் சற்று வேறு மாதிரியானது. அதைக் கணக்காகவே பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

1799-ல் அம்மாநிலம் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்க ஒரு சட்டம் செய்தது. அவ்வருஷம் ஜூலை 4-க்குப் பின் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை சுதந்திரப் பிறவி. ஆனால் ஆணானால் 28 வயது வரை, பெண்ணானால் 25 வயது வரை, தாயின் எஜமானனுக்கு ஊழியம் செய்தாக வேண்டும். வயதுக்கு அத்தாட்சி வேண்டுமே? பிறந்த 9 மாதத்துக்குள் குழந்தையின் பெயர், வயது, ஆணா பெண்ணா என்பதை எஜமானன் ஊர்க் குமாஸ்தாவிடம் எழுதித் தர வேண்டும். குமாஸ்தா அதை இதற்கென்றே வைத்த புத்தகத்தில் பதிவார். கட்டணம், குழந்தை ஒன்றுக்கு 12 சென்ட். தவறினால் 5 டாலர் அபராதம். அதற்கு மேல் மாதம் ஒரு டாலர்.

நான் வங்கியில் ஈட்டுக்கடன் கணக்கு எழுதுகிறவன். இந்தப் பதிவு எனக்குப் பழக்கமான பதிவுதான். முதிர்வுத் தேதி குறிக்கப்பட்ட சொத்து. சொத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு சாமர்த்தியமும் நடந்தது. குழந்தைக்கு ஒரு வயதாவதற்குள் எஜமானன் அதைக் 'கைவிடலாம்'. ஏழைகளைப் பராமரிக்கும் ஊர் அதிகாரிகளின் பொறுப்பில் அது வந்துவிடும். அவர்கள் அதை யாரிடமாவது வளர்க்க ஒப்படைப்பார்கள். பல சமயம் கைவிட்டவனிடமே. மாநிலம் மாதம் 3.50 டாலர் வரை தரும். கஜானா தாங்காமல் 1804-ல் இந்த உதவியை நிறுத்தினார்கள். கைவிட்டதும் ஊர்ப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது.

இந்தப் புத்தகங்கள் சரித்திரத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. சரித்திரத்துக்காகக் காப்பாற்றப்பட்டவையும் அல்ல. காலாகாலத்துக்கும் ஊர்க் குமாஸ்தாவின் வசம் கிடந்தவை. 1987-ல் வந்த சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியும் ஆவணப் பொறுப்பாளர் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. டவுன்களில் அந்தப் பொறுப்பு பழைய குமாஸ்தாவுக்கே போயிற்று. பணம் 1989-ல் வந்தது. கவுண்டி அலுவலகத்தில் பத்திரமோ அடமானமோ பதிய வருகிறவரிடம் கட்டணத்தோடு 5 டாலர் கூடுதலாக வாங்கித் தனி நிதியாகச் சேர்த்தார்கள். ஊர்களும் பள்ளி மாவட்டங்களும் விண்ணப்பிக்க, மாநில ஆவணக் காப்பகம் பரிசீலித்துப் பகிர்ந்து கொடுக்கிறது. அமிலமற்ற பெட்டி, மைக்ரோபிலிம், பட்டியல் தயாரிக்க ஆள், இப்போது ஸ்கேன். வீடு வாங்குகிறவர் தன் காசில் எந்தக் குழந்தையின் பெயர் பிழைத்தது என்று அறியமாட்டார். அறிய வேண்டியதுமில்லை.

எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. கலாசார அபிமானத்தை நம்பாத ஏற்பாடு. வருஷா வருஷம் பட்ஜெட்டில் கையேந்துவதைவிட இது மேல். ஆனால் நிலம் விற்காத காலத்தில் நிதியும் வற்றும். விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஊருக்குத்தான் பணம். ஒற்றைக் குமாஸ்தா வரியும் வசூலித்து நாய் லைசென்ஸும் கொடுக்கிற ஊரில் பெட்டி அப்படியே இருக்கும். எழுதியதும் சொத்து, காப்பதும் சொத்து என்ற வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு இந்த 5 டாலர் எதுவும் செய்ய முடியாது.

உதாரணமாக அந்தத் தாய்மார்கள். 1799 ஜூலை 4-க்கு முன் பிறந்தவர்கள் அடிமைகளாகவே நீடித்தார்கள். 1817-ல் வந்த இன்னொரு சட்டத்தின்படி 1827 ஜூலை 4 அன்றுதான் விடுதலை. அவர்களுக்கு முதிர்வுத் தேதி கிடையாது. ஆகவே அவர்கள் பிறந்த தேதியைச் சட்டம் கேட்கவில்லை. சில பதிவுகளில் மட்டும், குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில், இன்னாளுக்குப் பிறந்தது என்று தாயின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயருக்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை.