மழலையர் வாய்வழி வளர்ந்த வேதம்

மக்கட்கு வேதத்தைக் கற்பித்தல் பள்ளியாசிரியர் கடனோ, பெற்றோர் கடனோ என்னும் வினா நம் குடும்பங்களில் அடிக்கடி எழுகின்றது. இதற்கு விடை காண விழைவார், நம் திருநெல்வேலிச் சீமையின் பழைய வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலமாம்.

முத்துக்குளித்துறைப் பரதவர் பல்லாயிரவர் 1536-ஆம் ஆண்டையொட்டி ஞானஸ்நானம் பெற்றனர். எனினும், தம் மொழியிற் கற்பிப்பார் இன்மையின், தாம் கிறிஸ்தவர் என்பதன்றி வேறு யாதும் அறியாராயினர். 1542-ஆம் ஆண்டின் இறுதியில் அர்ச். சவேரியார் அக்கரையை அடைந்தார். அவர் தமிழறியார், ஆதலின், இருமொழியும் அறிந்தார் சிலரைத் துணைக்கொண்டு சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், பரலோக மந்திரம் முதலியவற்றைத் தமிழாக்கி மனனஞ் செய்தார். பின்னர்க் கைமணியொலித்துத் தெருத்தோறுஞ் சென்று, சிறாரைக் கூட்டி நாடோறும் இருமுறை ஓதுவித்தார். ஓதிய சிறார் தத்தம் இல்லமேகிப் பெற்றோர்க்கும் அயலார்க்கும் அவற்றைக் கற்பிக்குமாறும் ஏற்பாடு செய்தார். நோயாளர் பலர் ஒருங்கே அழைத்தவழி, அச்சிறாரையே செபஞ்சொல்ல அனுப்பினார். ஆண்டுப் பிள்ளைகளே வீட்டிற்கு ஆசிரியராயினர் என்க.

பிள்ளை வாயிற் புகுஞ் சொல் பிழைபடலாகாது என்பதும் அவர் கருத்து. விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கின்றேன்’ என்று வரவேண்டிய இடத்து, முதற்கண் ‘எனக்கு வேணும்’ என்றே பெயர்த்திருந்தனர். விரும்புதல் வேறு, நம்புதல் வேறன்றோ? 1544-ஆம் ஆண்டு தம் துணைவர் மான்சிலாஸ் என்பார்க்கு விடுத்த திருமுகத்தில் இதனைத் திருத்துமாறு பணித்தார்.

அவர்க்குப்பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழிலக்கணம் பயின்று, 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்கச் சிறுநூலை அச்சேற்றினார். இந்தியமொழி எழுத்தில் இந்நாட்டில் அச்சேறிய முதனூல் இதுவே. மறுவாண்டு கொச்சியில் வெளிவந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஆசிரியன் வினவ மாணாக்கன் விடைகூறும் நடையது. அவ்வாறு, தமிழ் அச்சின் தொடக்கமே ஞானோபதேசத்தின் பொருட்டு நிகழ்ந்ததாயிற்று.

கடற்கரையில் ஊன்றிய வேதம் பின்னர் உள்நாட்டிலும் பரவிற்று. நம் திருவேங்கடத்திற்கு அணித்தாகிய காமநாயக்கன்பட்டி, வீரமாமுனிவர் பணியாற்றிய தொன்மையான தலம். 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டபின், அச்சபையார் 1837-இல் மீண்டு வருங்காறும் இந்நாட்டிற் குருமார் மிக அருகினர். அந்நெடுங்காலத்து வேதத்தைக் காத்தவர் யாவர்? ஊர்தோறும் இருந்த உபதேசியாரும், மாலை விளக்கேற்றி மக்களை அருகிருத்திச் செபஞ்சொன்ன தாய்மாரும் பாட்டிமாருமேயாவர்.

ஆகவே, பள்ளி கற்பித்தலும் வீடு காத்தலும் ஒன்றையொன்று தாங்கும் இரு கைகளாம். பள்ளி மூடியகாலத்தும் வீடு திறந்திருந்தமையாற் கொடி பட்டுப்போகவில்லை. வீடு மூடிக்கொள்ளின், பள்ளி தனித்து என் செய்யும்? இக்காலத்துப் பிள்ளைகள் தேர்வின்பொருட்டு ஞானோபதேசத்தை நெட்டுருப்பண்ணித் தேர்வு முடிந்தவுடன் மறந்துவிடுகின்றனர். பெற்றோர்காள்! இரவுணவிற்கு முன், “இன்று யாது கற்றாய்? அதன் பொருள் யாது?” என்று நும் பிள்ளையை வினவுமின், அது சொல்வதைச் செவிசாய்த்துக் கேண்மின். கேட்பார் உளராயின் ஓதுவாரும் உளராவர். நானூற்றெண்பது ஆண்டுகட்கு முன் மணியோசை கேட்டு ஓடிய சிறார் நமக்குக் காட்டிய வழி இதுவே.