நாணயமும் அடைக்கலமும்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, அச்சடித்த காசு. மற்றொன்று, சொன்ன சொல் தவறாமை. வாங்கிய கடனைத் தவணை தப்பாமல் திருப்பித் தருபவரை 'நாணயமானவர்' என்கிறோம். காசின் பெயரே மனிதரின் குணத்துக்கும் பெயராகி நிற்கிறது. காசுக்குப் பெறுமதி உலோகத்திலிருந்து மட்டும் வருவதில்லை, அதைக் கொடுப்பவர் மீதுள்ள நம்பிக்கையிலிருந்தும் வருகிறது என்பதை மொழி எப்போதோ கண்டுகொண்டுவிட்டது எனலாம். இவ்விரு பொருளையும் பிரித்துவிட முடியும், எவரையும் நம்பாமலே காசை வழங்க முடியும் என்று சொல்லிக்கொண்டு வந்ததுதான் பிட்காயின். அது எவ்வளவு தூரம் இயன்றது என்பதை, நம் நாட்டுப் பழைய கணக்குகளையும் அருகில் வைத்துக்கொண்டு, சற்றே நோக்குவோம்.

நாம் வாழும் சுங்குவார்சத்திரம், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடைப்பட்டது. வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தைப் பெயரில் தாங்கிய இவ்வூரைச் சுற்றி இன்று கைபேசியும் குளிர்பதனப் பெட்டியும் செய்யும் ஆலைகள். பல மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளைஞர்களின் ஊதியம் கைபேசி வழியே வந்து, கைபேசி வழியே ஊருக்குப் போகிறது. மிஞ்சுவதைச் சீட்டிலும் நகையிலும் போட்டவர்கள் இப்போது 'கிரிப்டோ' பற்றியும் பேசுகிறார்கள். "இது பாதுகாப்பானதா, ஐயா?" என்று தமிழ் நடத்தும் நம்மிடமும் கேட்கிறார்கள். இவ்வினாவுக்கு உள்ளே வேறொரு வினா இருக்கிறது: யாரை நம்புவது?

இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் சபையார், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் இவ்வினாவுக்கு விடை தேடினார்கள். குடவோலை முறையைத் தேர்தலின் முன்னோடி என்றே நாம் பள்ளியில் படித்தோம். அதனை நம்பிக்கையின்மையைக் கையாளும் முறையாகவும் படிக்கலாம். குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும். ஓலையின் உள்ளிருப்பது அறியாத சிறுவன் அதனை எடுக்க வேண்டும். வாங்குபவன் ஐந்து விரலும் விரியத் திறந்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் படித்ததை நம்பிமார் அனைவரும் மீண்டும் படிக்க வேண்டும். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடத்துக்குள்ளேயே வரக்கூடாது. பொன்னின் மாற்றுரைப்போரைத் தேர்ந்தெடுக்கவும் இவ்வூரார் குடவோலையையே நாடினர். எவருடைய நேர்மையையும் முழுதாகச் சார்ந்திராமல், ஒருவர் கையை மற்றவர் கண் காவல் காக்கும்படி அமைத்த ஏற்பாடு இது.

இத்தகைய காவல் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதைச் சிலப்பதிகாரம் முன்பே சொல்லியிருக்கிறது. பாண்டியன் அவையில் எழுந்த வழக்கை ஒரு நகைச் சோதனையாகவும் பார்க்கலாம். புறத்தோற்றத்தில் இரண்டு சிலம்பும் ஒன்று. அரசியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். அந்த வேறுபாடு உடைத்தால்தான் தெரியும். உடைத்தபின் அது அணியத்தக்க சிலம்பு அன்று. கோவலனுக்கு விதிக்கப்பட்ட தண்டனை, சோதிக்காமல், பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பி விதிக்கப்பட்டது. சான்று சொல்ல வேண்டியவனே கள்வன் என்பது அரசனுக்குத் தோன்றவில்லை. இந்தச் சிலம்புக்கு மீண்டும் வருவோம்.

ஆங்கிலேயர் கால மதராசில் நம்பிக்கை ஒரு பெயர்ப்பலகையில் குடியிருந்தது. அர்பத்நாட் கம்பெனி என்ற பெயருக்கு நகரத்தில் இருந்த மதிப்பே ஆயிரக்கணக்கானோரின் சேமிப்புக்குப் பிணை. 1906 அக்டோபர் 22 அன்று அது கதவடைத்தது. ஓய்வூதியக்காரரும் கைம்பெண்களும் வாழ்நாள் சேமிப்பை இழந்தனர். சர் ஜார்ஜ் அர்பத்நாட் 1907இல் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அந்த வீழ்ச்சியின் எதிர்வினையாக வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் 1907 ஆகஸ்டு 15 அன்று இந்தியன் வங்கி தொழிற்படத் தொடங்கியது. நம்பிக்கை உடைந்தபோது மதராசின் விடை, நம்பத்தகுந்த வேறு மனிதரையும் வேறு நிறுவனத்தையும் தேடுவதாக இருந்தது.

நூறாண்டுக்குப் பின், 2008ஆம் ஆண்டு உலக வங்கி நெருக்கடியின்போது, சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் எழுதியவர் வேறு விடை சொன்னார்: நடுவில் ஆளே வேண்டாம். அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று அவருடைய கட்டுரை வெளிவந்தது. 2009 ஜனவரி 3 அன்று பிட்காயினின் முதல் கணக்கேடு எழுதப்பட்டது. அதன் அமைப்பை நம் மொழியில் இவ்வாறு சொல்லலாம். ஊரார் அனைவரிடமும் ஒரே கணக்குப் புத்தகத்தின் படி இருக்கிறது. ஒருவர் தம் படியில் மட்டும் திருத்தினால் மற்றப் படிகள் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தோடு கணிதத்தால் பிணைக்கப்பட்டிருக்கிறது. மொத்தக் காசு 2.1 கோடியைத் தாண்டாது. காசைச் செலவிடும் உரிமை ஒரு மிக நீண்ட இரகசிய எண்ணிடம் இருக்கிறது. அதனைத் திறவுகோல் என்பர். திறவுகோல் யாரிடமோ, காசும் அவரிடமே. தொலைத்தால் முறையிட மேலாளர் இல்லை, திருடியவனிடமிருந்து மீட்டுத் தர அலுவலகமும் இல்லை. உத்திரமேரூர் சபையார் கண்களால் செய்த காவலைப் பிட்காயின் கணிதத்தால் செய்கிறது. அந்தக் கணக்கேடு பெரும்பாலும் பொய்த்ததில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

ஆயின் மனிதக் கைக்குத் தொடுவதற்கு ஏதேனும் வேண்டியிருக்கிறது. 2011இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மைக் கால்டுவெல் என்பவர் 'கசாசியஸ்' என்னும் பெயரில் உலோகக் காசுகளை அச்சிட்டார். பித்தளையில் ஒரு பிட்காயின், பெருந்தொகைக்கு வேறு உலோகங்கள். காசின் உள்ளே சிறு காகிதத்தில் திறவுகோல், அதன்மேல் உரித்தால் தேன்கூட்டுத் தடம் விட்டுச்செல்லும் ஹோலோகிராம் ஒட்டுத்தாள். வெளியே தெரியும் எட்டு எழுத்துகளைக் கொண்டு, அந்த முகவரியில் பணம் இன்னும் இருக்கிறதா என்று பொதுக் கணக்கேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கேதான் சிலம்பு நினைவுக்கு வருகிறது. உள்ளே இருக்கும் காகிதத்தில் சரியான எண் உள்ளதா என்பது உரித்தால்தான் தெரியும். உரித்தபின் அது சேகரிப்போர் போற்றும் காசு அன்று, வெறும் பித்தளை வில்லை. செய்தவர் திறவுகோலின் படியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அவருடைய சொல்லே சான்று. ஒட்டுத்தாளின் அடியில் ஊசியால் கரைப்பானைச் செலுத்தித் தடமின்றித் திறந்துவிடலாம் என்பதையும் சிலர் செய்துகாட்டினர். எவரையும் நம்பத் தேவையில்லை என்று பிறந்த காசு, உலோகத்தில் புகுந்தவுடன் மீண்டும் ஒரு கைவினைஞரின் நாணயத்தை நம்பி நின்றது. கால்டுவெல் நாணயமானவர் என்றே சேகரிப்போர் உலகம் மதிக்கிறது. எனினும் அவர் தம்மை நம்பச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. வாங்குபவர் முன்னதாக ஒரு கடவுச்சொல்லைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, அதனின்று பிறந்த குறியீட்டை மட்டும் கைவினைஞருக்குத் தரும் முறையொன்றை 2012இல் வகுத்தார். அம்முறையில் காசைச் செய்பவருக்கே திறவுகோல் தெரியாது. தன்னை நம்பவேண்டிய தேவையைத் தானே குறைத்துக்கொள்ள முனைந்த அந்தச் செயலையே நாம் அவருடைய நாணயத்துக்குச் சான்றாகக் கொள்கிறோம். 2013 நவம்பரில் அமெரிக்க நிதிக்குற்றத் தடுப்புத் துறை, இத்தொழில் பணமாற்றுத் தொழிலின் விதிகளுக்கு உட்பட்டது என்று அறிவிக்கவே, பிட்காயின் நிரப்பிய காசுகளை விற்பதை அவர் நிறுத்திக்கொண்டார்.

நம் நாட்டில் உலோகக் காசைத் தேடிப்போனவர் மிகச் சிலரே. பெரும்பாலோர் திறவுகோலைத் தாம் வைத்துக்கொள்ளாமல் ஏதேனும் ஒரு பரிமாற்ற நிறுவனத்திடம் விட்டுவைத்தனர். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, இத்தகைய நிறுவனங்களுக்கு வங்கிகள் சேவை அளிப்பதைத் தடுத்தது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் நிறுவனத்தின் பெட்டகமொன்றிலிருந்து 23 கோடி டாலருக்கும் மேற்பட்ட சொத்து களவுபோயிற்று. ஒருவர் கையொப்பம் போதாது, பலர் சேர்ந்து ஒப்பமிட்டாலே திறக்கும் பெட்டகம் அது. உத்திரமேரூர் ஏற்பாடு போன்றதுதான். ஆனால் ஒப்பமிட்டவர்கள் திரையில் கண்டது வேறு, ஒப்பமிட்டது வேறு என்று நிறுவனம் கூறியது. குடத்தைத் தூக்கிக் காட்டியும், கண்டவர் கண்ணுக்குத் தெரிந்தது மெய்யான குடம் அன்று. 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரிய அரசுகள் கூட்டறிக்கையில் இக்களவை வடகொரியக் குழுக்களின் செயல் என்றன. பயனர்களின் கணக்குகள் ஓராண்டுக்கும் மேலாக முடங்கிக் கிடந்தன.

அம்முடக்கத்தில் சிக்கிய சென்னைப் பெண்மணி ஒருவர் உயர் நீதிமன்றம் சென்றார். அவர் வைத்திருந்தது களவுபோன வகை அன்று, வேறு வகைக் காசு. 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் தொட்டறிய இயலாததாயினும் சொத்தே என்றும், ஒருவருக்காக மற்றொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கத்தக்கது என்றும் தீர்ப்பளித்தார். நியூசிலாந்தின் கிரிப்டோபியா வழக்கில் 2020இல் வந்த தீர்ப்பையும் அவர் கருத்திற்கொண்டார். களவின் இழப்பை எல்லாப் பயனர் மீதும் பரப்பலாம் என்னும் வாதம் இங்கே செல்லவில்லை.

இத்தீர்ப்பின் கருத்துக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: அடைக்கலப் பொருள். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகத் தந்தார். அடைக்கலம் இழந்ததைத் தாங்காமல் மாதரி தீப்புகுந்தாள். பொற்கொல்லனுக்கும் மாதரிக்கும் இடைப்பட்ட தூரம்தான் நாணயம் என்னும் சொல்லின் முழு அகலம். அர்பத்நாட் வீட்டாருக்கும் அடைக்கலப் பொருள் வந்தது, பரிமாற்ற நிறுவனத்துக்கும் வந்தது. வாங்கிவைத்தவர்களுக்கு அது தம் சொத்தாகவே தோன்றிவிடுவதுதான் காலந்தோறும் நேர்கிறது.

ஆகவே மாணவர்க்கு நாம் சொல்லும் விடை இதுதான். கணக்கேடு பாதுகாப்பானது, திறவுகோல் யார் கையில் என்பதே கேள்வி. உங்கள் கையில் என்றால், அதனைக் காக்கும் பொறுப்பும் தொலைக்கும் இழப்பும் உங்களுடையவை. பிறர் கையில் என்றால், நீங்கள் வைத்திருப்பது காசு அன்று, ஒருவரின் வாக்குறுதி. வாக்குறுதியை வாங்குமுன், கொடுப்பவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டுகிறாரா என்று பாருங்கள்.