மனை விளம்பரத்தில் ஒரு சதுரம்

வீடும் மனையும் விற்கிறவர்கள் தங்கள் சரக்கின் குணாதிசயங்களை இஷ்டம்போல் வர்ணிக்கலாம், அதன் மெய் பொய்யைக் கண்டறிவது வாங்குகிறவன் பாடு என்ற நிலைமை நம் தேசத்தில் நெடுங்காலம் நீடித்து வந்தது. ரயில் நிலையம் பத்தே நிமிஷம் என்று துண்டுப் பிரசுரம் கூறும். அது நடையிலா, காரிலா, அல்லது ஆளரவமற்ற அதிகாலையிலா என்பதை மட்டும் கூறாது. இத்தகைய விளம்பரங்களின் ஓரத்தில் இன்று காணப்படும் க்யூஆர் கோடு என்ற கறுப்பு வெள்ளைச் சதுரம் விளம்பரத்துக்கென்று பிறந்ததன்று.

1994-ஆம் ஆண்டு ஜப்பானில், டென்சோ நிறுவனத்தைச் சேர்ந்த மஸாஹிரோ ஹாரா என்ற பொறியாளரும் அவருடைய சகாக்களும், மோட்டார் உதிரிபாகப் பெட்டிகளில் வரிசையாக ஒட்டியிருந்த பார்கோடுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் தொழிலாளர்களின் சிரமத்தைப் போக்கும் பொருட்டு இதைச் சிருஷ்டித்தார்கள். பார்கோடு ஏறக்குறைய 20 எழுத்துகளோடு நின்றுவிட, இச்சதுரம் 7,089 இலக்கங்கள் வரை தாங்கியது. கருவி இதைச் சட்டென்று இனங்காண மூன்று மூலைகளில் கட்டங்களை வைத்தவர்கள், அதே வடிவம் வேறு அச்சில் தற்செயலாக வந்து கருவியை மயக்கிவிடக் கூடாதே என்று, துண்டுப் பிரசுரங்களையும் சஞ்சிகைகளையும் அட்டைப் பெட்டிகளையும் குவித்து வைத்து ஆராய்ந்து, கறுப்பும் வெள்ளையும் மிக அபூர்வமாகவே கூடிவரும் 1:1:3:1:1 என்ற விகிதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். துண்டுப் பிரசுரங்களில் காணக்கிடைக்காதது என்ற யோக்கியதையால் தேர்வு பெற்ற வடிவமே பிற்காலத்தில் துண்டுப் பிரசுரங்களை ஆக்கிரமித்துக்கொண்டது வேடிக்கைதான். காப்புரிமை பெற்றிருந்தும் நிறுவனம் அதைப் பிறர்மேல் பிரயோகிக்காததால், சதுரம் தடையின்றி உலகெங்கும் பரவியது.

வீட்டு வியாபாரிகள் அதை முதலில் வரைபடம், வீடியோ, விலைப்பட்டியல் ஆகியவற்றுக்கு வாசலாக்கினார்கள். பத்தடி தூரத்திலிருந்து படிக்க வேண்டுமானால் சதுரம் ஓரடியாவது இருக்க வேண்டும், சுற்றிலும் வெற்றிடம் விட வேண்டும் என்பவை இத்தொழிலின் பாலபாடங்கள்; ஆயினும் பஸ்ஸில் பறக்கிறவன் படிப்பான் என்று நெடுஞ்சாலைப் பலகையில் உள்ளங்கையளவு சதுரத்தைப் பொறிக்கிறவர்கள் இருக்கவே செய்கிறார்கள்.

இதனிடையே, 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யலாகாது என்றும், விளம்பரத்தில் பதிவெண்ணும் அச்சட்டப்படி அமையும் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் இணைய முகவரியும் முக்கியமாக இடம்பெற வேண்டும் என்றும் விதித்தது. நீச்சல் குளத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியவர்கள் பதிவெண்ணைப் பூதக்கண்ணாடியின் சகாயத்தை நாடும் எழுத்தில் அச்சிட்டு விதியைப் பூர்த்தி செய்தார்கள். இந்நிலையில் மகாராஷ்டிர ஆணையம், 2023 ஆகஸ்ட் 1 முதல், ஒவ்வொரு திட்டத்துக்கும் தானே வழங்கும் க்யூஆர் கோடு விளம்பரத்தில் இருந்தே தீர வேண்டும் என்று உத்தரவிட்டது. வியாபாரியின் சதுரம் அவர் காட்ட விரும்புவதைக் காட்டும். ஆணையத்தின் சதுரமோ, திட்டத்தின் அனுமதிகள், முடிக்க வேண்டிய தேதி, வழக்கு விவகாரங்கள் ஆகிய, விற்கிறவர் தாமாக எடுத்துரைக்கத் தயங்கும் சங்கதிகளைத் திறந்து வைக்கும். அது தெளிவாகவும் செயலியால் படிக்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்று உத்தரவிலேயே விதிக்க நேர்ந்ததைப் பார்த்தால், பொடியெழுத்து யுக்தி ஆணையத்துக்கும் நன்கு பரிச்சயமானதே என்று தோன்றுகிறது. தவறியவர்களுக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் என்றும் ஆணையம் அறிவித்தது.